பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

நீங்கள் மூன்று பேரும் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, உங்களில் ஒருவர் என்னிடம், “அண்ணே, கஸ்டமர் வீட்ல இந்தப் பூச்சிங்க செத்துட்டா இன்னா பண்றது?” என்று கேட்டார். கையில் வேலை இருந்தது. “சாகாமப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது பதில் இல்லை. இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். போவதற்கு முன்னால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எந்தத் தொட்டிக்கு எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அந்தத் தாளின் கடைசியில் “வேப்பிலை கூடாது” என்று பேனாவால் எழுதியிருக்கும் வரி என்னுடைய கையெழுத்து. அது எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நீங்கள் இதை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டினால் அவர்களுக்கும் புரிய வேண்டும். ஆகவே நம் வேலை என்ன என்று நாலு வரி. கண்ணாடித் தொட்டிக்குள் மண், பாசி, பெரணிச் செடி எல்லாம் வைத்து ஒரு சின்னக் காடு செய்கிறோம். காடு என்றால் இலை உதிரும், அழுகும், பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தின்று தீர்க்க ஐசோபாட்களை விடுகிறோம். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், வயிற்றுக்கடியில் நிறையக் கால். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் கலைந்து ஓடுமே, அந்த ஜாதிதான். காட்டைப் பெருக்கித் துடைக்கும் ஆட்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் தொட்டி ஒரு மாதத்தில் நாறிவிடும்.

என் அம்மா நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் மட்டும்தான். விலங்கியல் பட்டம். முதன்முதலில் ஒரு டப்பா ஐசோபாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாடா இது, மீன் செவுள்ல ஒட்டிக்கினு கீற பூச்சி மாரியே கீது.”

“அதோட சொந்தந்தாம்மா. இதுவும் செவுள்லதான் மூச்சு வுடும். எறா, நண்டு எல்லாம் இதுக்குப் பங்காளிங்க.”

“எறாவ வித்து உன்ன படிக்க வெச்சேன். நீ படிச்சிட்டு வந்து எறாவுக்குப் பங்காளிய வளத்துக்கினு கீற.”

பக்கத்துக் கூடைக்காரி வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். ஆனால் அந்தப் பங்காளி விஷயம் எனக்குத் தெரியும் என்கிற பெருமை உள்ளே உட்கார்ந்துகொண்டது. தவறு அங்கிருந்துதான் தொடங்கியது.

மயிலாப்பூரில் ஒரு வீடு. இரண்டாவது மாடி. கணவனும் மனைவியும் மட்டும். அந்த மாமி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று, “ஆமா”, “இல்ல” என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர. அந்த இரண்டும்கூட இடம் மாறித்தான் வரும். காபி வேண்டுமா என்றால் “இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். அதனால் அவர் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கணவர்தான் அவருக்காகப் பேசுவார். நல்ல மனிதர். சமையல், மருந்து, குளியல் எல்லாம் அவர் கையால்தான்.

வெளியூரிலிருக்கும் மகள் சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்தோம். மாமி தலையைத் திருப்பினால் கண்ணுக்கு நேராகத் தெரியும். முன்பக்கக் கதவை இடது கையால் தானே திறந்து மூடுவார். “காலம்பற கண்ண முழிச்சதும் அதத்தான் பாக்கறா. முன்னெல்லாம் சுவத்தப் பாத்துண்டே கெடப்பா. இப்ப சாஞ்சு ஒக்கார வையுங்கோன்னு என்னை இழுக்கறா” என்று கணவர் சொன்னார். அந்தத் தொட்டி அவருக்கு என்ன என்பது அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மழைக்காலம். பட்டறைக் கூரை ஒழுகி, ஐசோபாட்களுக்குத் தீனியாக நாம் சேர்த்து வைத்திருந்த பாதாம் மர இலை மூட்டை முழுக்க ஊறி நாசமாகிவிட்டது. மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், போடுவதற்குக் காய்ந்த இலை இல்லை. வீட்டில் அம்மா அரிசி டின்னில் போடுவதற்காக வேப்பிலையைக் காயவைத்து ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். அதை எடுத்தேன்.

“அரிசில வண்டு வராம இருக்கக் காய வெச்சேன். அத எங்க தூக்கிக்கினு போற?”

“தொட்டிக்கும்மா.”

“பூச்சி வளக்கற தொட்டிக்கா?”

“அது பூச்சியே இல்லம்மா. பூச்சிக்குத்தான் வேம்பு ஆவாது. இது எறா ஜாதி.”

“எறாவுக்கு மட்டும் கசக்காதா?” என்றார் அம்மா. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வீட்டில் நான் வேப்பிலை போடுவதைப் பார்த்துக் கணவருக்குச் சந்தோஷம். “வேப்பிலையா, பேஷ். ஒடம்பு முடியாதவா இருக்கற ரூமுக்கு நல்லது” என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து தலையாட்டிக்கொண்டோம். மாமி என்ன நினைத்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஐசோபாட்கள் கண்ணில் அதிகம் படவில்லை. மழைக் குளிருக்கு மண்ணுக்கடியில் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமி இடது கை விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். “ஆமா, ஆமா” என்றார். நான் கணவரைப் பார்த்தேன்.

“தண்ணி போறலைங்கறா போலிருக்கு” என்றார் அவர்.

நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். மாமி கையைத் தொப்பென்று போர்வைமேல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவுக்கும், அந்தத் தொட்டியை நான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அரைமணி நேரம் பார்க்கிறேன். அவர் நாள் முழுக்கப் பார்க்கிறார்.

அடுத்த பத்து நாளில் கணவரிடமிருந்து போன் வந்தது. “தம்பி, ரூம் நாத்தம் தாங்கல. கொசு மாதிரி ஏதோ பறக்கறது, அவ சாப்பிடற தட்டுல வந்து ஒக்கார்றது. பிசியோதெரபிக்கு வர்ற பொண்ணு மூக்கப் பொத்திண்டு நிக்கறா. இத எடுத்துண்டு போயிடுங்கோ. வேண்டாம்.”

பட்டறையில் முதலாளியிடம் போய் நின்றேன். அவரை உங்களுக்குத் தெரியும், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

“இன்னா மச்சி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?”

சொன்னேன். வேப்பிலையையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்.

“செரி. அம்பது உருப்படி புதுசா எடுத்துக்கினு போ. பழசு எல்லாத்தையும் வழிச்சிப் போட்டுட்டு இத வுட்டுரு. ரெண்டு வாரத்துல நாத்தம் போயிடும். எல பத்தி வாயத் தொறக்காத. நீயே போயி நான்தான் கொன்னேன்னு சொல்லிக்கினு நிக்காத.”

அவரைக் கெட்டவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஐம்பது ஐசோபாட்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். “ஒரே ஒரு வாட்டி முயற்சி பண்றேன் சார்” என்று சொல்லித் தொட்டியின் கதவைத் திறந்து, புது டப்பாவைச் சாய்க்கப் போனேன்.

மாமி இடது கையை நீட்டித் திறப்பை மறித்தார்.

நான் டப்பாவைப் பின்னால் இழுத்தேன். அவர் கையை எடுத்தார். மறுபடி கொண்டுபோனேன். மறுபடி மறித்தார்.

“பாத்தேளா” என்றார் கணவர். “அவளுக்கே பிடிக்கல. எடுத்துண்டு போங்கோ.”

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. தொட்டி போனால் அதோடு வேப்பிலையும் போகும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினேன். ஓர் அங்குலம் எழுந்திருக்கும். மாமி எட்டி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விழுந்துவிடுவாரோ என்று பயந்து கணவர் ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

“வசந்தா, விடு. விடும்மா.”

விடவில்லை.

தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில்தான் கொஞ்சம் யோசித்தேன். உள்ளே புதிதாக எதையும் போடவும் விடமாட்டேன் என்கிறார், தொட்டியை எடுக்கவும் விடமாட்டேன் என்கிறார். ஒன்று மட்டும் என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டும் சேர்ந்தால் அவர் வேறு ஏதோ சொல்கிறார், எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கவில்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எதிரில் இருப்பவர் முன்னுக்குப் பின் முரணாக நடப்பதுபோலத் தெரிந்தால், நாம்தான் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தொட்டியைத் திரும்ப வைத்தேன். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்கு அத்தனை தடவை போயும் நான் அவரிடம் நேராகப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“மாமி, எனக்குத் தெரியல. நீங்க சொல்ல வேணாம். காட்டுங்க.”

“அவளால முடியாது தம்பி” என்றார் கணவர்.

மாமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு எதையோ துழாவினார். ஒரு மாத்திரை டப்பா. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை வைத்திருக்குமே, அது.

“அடடா, இத நான் வீடு பூரா தேடிண்டிருக்கேன்” என்றார் கணவர்.

மாமி ஒவ்வொரு அறையாக நகத்தால் நெம்பித் திறந்தார். ஞாயிறில் மூன்று செத்த ஐசோபாட். திங்களில் ஐந்து. செவ்வாயில் நான்கு. தொட்டிக் கதவை இடது கையால் திறந்து, தினமும் செத்ததைப் பொறுக்கி, அந்தந்த நாள் அறையில் போட்டு வைத்திருக்கிறார். முப்பது வருஷம் பரிசோதனைக் கூடத்தில் இருந்த கை. கடைசியாகச் சனிக்கிழமை அறையில் பூச்சி இல்லை. இரண்டு இலைத் துண்டுகள் இருந்தன. ஒன்று பழைய பாதாம் இலை, தின்று தின்று வலைபோல நரம்பு மட்டும் மிச்சம். இன்னொன்று வேப்பிலை. ஒரு கடி இல்லை, முழுசாக இருந்தது.

செத்தவற்றில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐசோபாட் தோல் உரிப்பதை நீங்கள் இனிமேல் பார்ப்பீர்கள். முழுசாக உரிக்காது. முதலில் பின்பாதி, ஒன்றிரண்டு நாள் கழித்து முன்பாதி. என் கையிலிருந்தது பின்பாதி புதுசாக வெளுத்து, முன்பாதி பழைய தோலோடு நின்றுபோயிருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. பெரும்பாலும் எல்லாமே பாதி உரித்த நிலையில் மாட்டிக்கொண்டு செத்திருந்தன. வேம்பு பூச்சிகளைத் தோல் உரிக்க விடாமல் தடுக்கும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இலையைத் தின்னாவிட்டாலும், ஊறிய அதன் சாறு மண்ணில் இறங்கியிருக்கும். தோல் உரிக்கிற எல்லாவற்றுக்கும் அது பொருந்துமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பூச்சி இல்லை, பங்காளி என்று பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவருக்கு இந்த டப்பாவில் இருந்தது எதுவும் புரியவில்லை. ஏதோ நோய் என்று நான் சொன்னால் நம்பியிருப்பார்.

“சார், நான் போட்ட வேப்பிலைதான் இதக் கொன்னுருக்கு” என்றேன்.

“வேப்பிலையா? அது நல்லதாச்சே.”

“நமக்கு நல்லது சார். இதுங்களுக்கு ஆவாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மாமிக்கு எப்பவோ தெரிஞ்சிடுச்சி. அதான் புதுசா வுடாம மறிச்சாங்க. வுட்டிருந்தா இந்த அம்பதும் செத்திருக்கும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. அதுவரை ‘வாங்கோ, போங்கோ’ என்று பேசியவர், “நீ படிச்சவன்தானே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் யாரிடமும் யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நாங்கள் இருந்ததில்லை. ஆமாம் சார் என்று மட்டும் சொன்னேன்.

“இத்தன நாளா செத்த பூச்சியத் தலகாணிக்கு அடியில வெச்சுண்டு தூங்கியிருக்கா. இது இந்த ஆத்துல இனிமே இருக்கப்படாது.”

“சார், ஒரு வார்த்த. எலைய எல்லாம் இன்னிக்கே பொறுக்கிடறேன், பூஞ்சணம் புடிச்ச மேல்மண்ணையும் எடுத்துடறேன். பறக்கறது ஒரு வாரத்துல கொறஞ்சிடும். கொறையலன்னா நானே வந்து எடுத்துக்கறேன். ஆனா என்னைக் கேக்காதீங்க. மாமியக் கேளுங்க.”

அவர் குனிந்து, “வசந்தா, உனக்கு இது வேணுமா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றார் மாமி. சொல்லிக்கொண்டே தொட்டியைத் தன் பக்கமாக இழுத்தார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியைக் காட்டினேன். மறுபடி அவர் மனைவியைப் பார்த்தார். மாமி இன்னும் ஓர் இழுப்பு இழுத்தார். தொட்டி கட்டில் சட்டத்தில் வந்து இடித்தது.

“சரி, சரி. புரிஞ்சுது. கண்ணாடிய ஒடச்சுடாத” என்றார். சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தார், முடியவில்லை.

அன்று மதியம் வரை வேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். நான் தவறவிட்டதை மாமி விரலால் காட்டுவார். மரப்பட்டைக்கு அடியில் உயிரோடு பதினொன்று இருந்தன. புது டப்பாவைத் தொட்டுக் காட்டி, போடலாமா என்பதுபோல அவரைப் பார்த்தேன். டப்பாவை என் பக்கமாகத் தள்ளிவிட்டார். இந்த மண்ணை இன்னும் நம்பக்கூடாது என்கிறார். ஐம்பதையும் திரும்ப எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன்.

முதலாளி டப்பாவைப் பார்த்தார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேண்ணே.”

“வாயத் தொறக்காதன்னு தமிழ்லதான சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். “சுவத்துல எழுது. அடுத்தவன் பண்ணாம இருக்கட்டும்.”

ஆகவே, செத்தால் என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு என் பதில்: புதிதாகப் போடாதே. முதலில் செத்ததைப் பார். உன்னால்தான் என்றால், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. அதற்கும் முன்னால், அந்தத் தொட்டியைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று தெரிந்துகொண்டு அவரிடம் கேள். அவர் பேசாதவராகவும் இருக்கலாம், வீட்டு வேலைக்கு வருகிறவராகவும் இருக்கலாம், அலுவலகத்தில் இரவுக் காவலுக்கு இருப்பவராகவும் இருக்கலாம். நமக்கு போன் செய்கிறவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன், பிறகு வாரம் ஒரு தடவை. பறப்பவை குறைந்தன, நாற்றமும் போயிற்று. ஆனால் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. சில வாரம் ஒன்பதுதான் கண்ணில் பட்டது. இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலையில் கணவர் கூப்பிட்டார். “இவ என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல, ஆனா போனக் காட்டிண்டே இருக்கா. வந்துட்டுப் போங்கோ.”

போனேன். மாமி மடியில் ஒரு கரண்டியை வைத்திருந்தார். அதில் ஓர் ஐசோபாட் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில், கால்களுக்கு நடுவே, வெளிறிய ஒரு பை. தாய் ஐசோபாட் குஞ்சுகளை அந்தப் பைக்குள் தண்ணீரில் வைத்துச் சுமக்கும். நான் படத்தில் பார்த்ததுதான் அதிகம், நேரில் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பை விரிசல் விட்டு, தூசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ அசைந்து வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

கணவர் போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, என் தோளை ஒட்டிக் குனிந்தார். அந்தத் தொட்டியில் இருக்கும் எதையும் அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்து நான் கண்டதில்லை.

“குட்டியா? எத்தன இருக்கும் தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மாமி கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கை விரலை உயர்த்தி எங்கள் இரண்டு பேரையும் அடக்கினார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் காத்திருந்தோம்.